டாக்டர் ஜான் ஸ்னோ

யார்க் நகரத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் ஒன்பது மக்களுள் மூத்தவராய் 1813 ஆம் ஆண்டு மார்ச்சு 15 ஆம் நாள் ஜான் ஸ்னோ பிறந்தார். பதினான்கு வயதில் நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே காலரா புகுந்தபொழுது சிகிச்சை செய்ய அனுப்பப்பெற்ற அவருக்கு அன்று இருபது வயதுகூட நிரம்பவில்லை.

பின்னர் இலண்டனில் பட்டம் பெற்றதும், 1853 இல் விக்டோரியா அரசியாரின் பேறுகாலத்தில் குளோரோபாரம் கொடுத்துப் புகழெய்தியதும் பலரும் அறிந்தவை. நாம் ஈண்டுச் சொல்லப் புகுவது அரண்மனைக் கதையன்று. சோஹோ என்னும் ஏழைக் குடியிருப்பின் கதை.

அங்கே ஒரே வீட்டில் அறைக்கொரு குடும்பமாக மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். வீட்டுக்கு அடியில் மலக்குழி. தெருவில் அடிகுழாய்க் கிணறு. கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறப்பது அவ்விடத்தில் அன்றாட நிகழ்ச்சி. ஆதலால், 1854 செப்டம்பர் 2 ஆம் நாள் பிராடு தெரு 40 ஆம் எண் வீட்டில் ஐந்து மாதப் பெண் மகவு ஒன்று பேதியால் இறந்ததை எவரும் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் அத்தெருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் அப்போது காலரா சூறையாடிக் கொண்டிருந்தது. மாண்டவர் தொகை 616.

கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்பது அந்நாளைய அறிஞர் துணிபு. ஸ்னோவோ நீரை ஐயுற்றார். வீடு வீடாகச் சென்று, இறந்தவர் எக்கிணற்று நீரைப் பருகினர் என வினவினார். அருகிருந்த ஏழையர் விடுதியில் 535 பேருள் ஐவரே இறந்தனர். அவ்விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் கைம்பெண் ஒருவர் இறந்தார். பிராடு தெரு நீரின் சுவையை விரும்பி, அவர் அதை நாள்தோறும் வண்டியில் வருவித்துப் பருகியவர்! செப்டம்பர் 7 ஆம் நாள் ஸ்னோ வட்டார நிர்வாகிகளிடம் முறையிட்டார். மறுநாள் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் மக்கள் பலர் ஊரைவிட்டு ஓடியிருந்தனர். நோயும் தணியத் தொடங்கியிருந்தது என்பதை நாம் மறைக்கலாகாது.

ஸ்னோவின் கொள்கையை மறுக்கக் கருதி ஆராய்ந்த ஹென்றி வொயிட்ஹெட் பாதிரியாரே, 1855 இல் அச்சிறு மகவின் மரணப் பதிவைக் கண்டெடுத்தார். குழந்தையின் அழுக்குத் துணிகளை அலசிய நீரை வீட்டு மலக்குழியில் கொட்டியதாகத் தாய் கூறினாள். தோண்டிப் பார்த்தபொழுது, அக்குழியின் சுவர் சிதைந்து கிடந்தது. கிணறு மூன்றடிக்கும் குறைவான தொலைவில் இருந்தது. இன்னொன்றும் தெரியவந்தது. கைப்பிடி கழற்றிய அதே நாளில் குழந்தையின் தந்தைக்கும் காலரா கண்டது. குழாய் திறந்திருந்தால் அவ்வீட்டுக் கழிவு மீண்டும் ஊரார் வயிற்றுக்குச் சென்றிருக்கும்.

அரசுக் குழுவினர் அப்பொழுதும் ஏற்றாரில்லை. 1858 சூன் 16 ஆம் நாள், நாற்பத்தைந்தாம் வயதில், ஸ்னோ காலமானார். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1884 இல், நம் கல்கத்தாவின் குளத்து நீரில் இராபர்ட் கோக் காலராக் கிருமியைக் கண்டு காட்டினார்.