எடிஸனும் இசைப்பெட்டியும்

கண்ணுக்கு இமை உண்டு, வாய்க்கு இதழ் உண்டு, செவிக்கோ கதவில்லை. இராப்பகலாகத் திறந்தே கிடக்கும் அவ்வாயிலின் வழியே தாயின் தாலாட்டும், ஆலயத்தின் கீதமும், நண்பரின் நகையொலியும் நம் உள்ளத்துட் புகுந்து குடிகொள்கின்றன. அவ்வாயில் அடைபட்ட ஒருவர் இசையை நாடுவரோ? நாடினும் அதனைப் பிறர்க்கு நல்க வல்லரோ? வல்லர் என்பதற்குத் தாமஸ் ஆல்வா எடிஸன் என்னும் அமெரிக்கப் பெரியாரின் வாழ்க்கையே சான்று. மின்விளக்கை முன்னிட்டு அவரைப் போற்றாத நாடில்லை. ஆயினும், தாம் கண்ட கருவிகள் அனைத்தினும் தம் நெஞ்சுக்கு இனியதெனப் பேசும் பெட்டியாகிய போனோகிராபையே அவர் கருதினார். அக்கருவியின்பால் அவர் வைத்த காதல் அவரை உயர்த்தியவாற்றையும், பின்னர் இடறச் செய்தவாற்றையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

எடிஸன் 1847ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள் ஓஹையோ மாகாணத்து மிலன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் சாமுவேல், தாயார் நான்ஸி. 1854ஆம் ஆண்டில் குடும்பத்தார் மிச்சிகன் மாகாணத்துப் போர்ட் ஹூரன் நகரிற் குடியேறினர். சிறுவர் பள்ளிக்குச் சென்ற காலம் மிகச் சிறிது. முன்னர் ஆசிரியையாயிருந்த தாயாரே வீட்டில் அவர்க்கு எழுத்தறிவித்தார். பன்னிரண்டாம் வயதில், போர்ட் ஹூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய புகைவண்டியில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்கத் தொடங்கினார். அப்பருவத்திலேயே அவரது செவிப்புலன் மங்கலாயிற்று. இளமையிற் கண்ட கடுங்காய்ச்சலே காரணம் என்பாரும், வண்டியில் ஏறுங்கால் ஒருவர் அவரைக் காதைப் பற்றித் தூக்கியதே காரணம் என்பாரும் உளர். காரணம் எதுவாயினும், அவ்வயதிற்குப் பின் பறவையின் பாட்டு அவர் செவியில் விழுந்ததில்லை.

பிறர் இதனைப் பேரிழப்பென்று எண்ணிச் சோர்ந்திருப்பர். எடிஸன் சோர்ந்தாரல்லர். 1862ஆம் ஆண்டில், மவுண்ட் கிளெமென்ஸ் புகைவண்டி நிலையத்தில், உருண்டுவந்த பெட்டியொன்றின் முன் விளையாடிக்கொண்டிருந்த நிலைய அதிகாரியின் குழந்தையை அவர் பாய்ந்து சென்று காத்தார். நன்றி மறவாத அவ்வதிகாரி அவர்க்குத் தந்தித் தொழிலைக் கற்பித்தார். தந்திக் கூடத்தில் பல கருவிகள் ஒருங்கே ஒலிக்கும். ஏனையோர்க்கு இடையூறாயிருந்த அவ்விரைச்சல் எடிஸனைத் தொடவில்லை. தம் மேசைமேலிருந்த கருவியின் தட்டொலி ஒன்றே அவர்க்குக் கேட்டது. முதல் மனைவியார் மேரி அம்மையார் 1884ஆம் ஆண்டில் இறந்தபின், மீனா மில்லர் என்னும் நங்கையாரை மணக்க விரும்பியபோதும், அவர்தம் கையில் தந்திக் குறிகளைத் தட்டியே தம் கருத்தை எடிஸன் உணர்த்தினார். நங்கையாரும் அவ்வாறே தட்டி இசைவு தெரிவித்தனர். 1886ஆம் ஆண்டில் மணம் நிகழ்ந்தது. இங்ஙனம் ஒலியைத் தொட்டறியும் பழக்கம் அவர் வாழ்விற் படிப்படியாக வேரூன்றிற்று. இதனை நாம் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், போனோகிராப் பிறந்ததும் இப்பழக்கத்தினின்றேயாம்.

1876ஆம் ஆண்டில் நியூஜெர்ஸி மாகாணத்து மென்லோ பார்க் என்னும் ஊரில் அவர் ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். மறுவருடம் டெலிபோனைச் செப்பஞ்செய்யும் வேலையில் ஈடுபட்டிருந்தார். பேசுவோர் குரலால் அக்கருவியிலுள்ள மெல்லிய தகடு அதிரும். அவ்வதிர்ச்சியைச் செவியால் நன்கு அளக்கமாட்டாத எடிஸன், ஓர் ஊசிமுனை தம் விரலிற் குத்தும் வன்மையைக் கொண்டு அதனை அறிந்தார். விரலிற் குத்தும் ஊசி, மெல்லிய பரப்பொன்றில் தன் சுவட்டைப் பதியாதோ? பதிந்த சுவட்டின்மேல் ஊசியை மீண்டும் செலுத்தினால், தகடு முன்போலவே அதிர்ந்து அக்குரலை எழுப்பாதோ? இவ்வெண்ணமே போனோகிராபின் வித்து. செவி கூரிய ஒருவர்க்கு இஃது இத்துணை எளிதில் உதித்திருக்குமோ என்று நாம் ஐயுறுகின்றோம்.

அவர் கருத்துப்படி ஜான் குருயெஸி என்னும் கைவல்லார் கருவியைச் செய்து முடித்தார். வரிவரியாகச் சால் வெட்டிய பித்தளை உருளை, அதன்மேற் சுற்றிய வெள்ளீயத் தாள், சுழற்றுதற்கு ஒரு கைப்பிடி, ஊசி தாங்கிய தகடுகள் இரண்டு, அமைப்பு இவ்வளவே. 1877ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில், ஆட்டுக்குட்டியைப் பற்றிய சிறுவர் பாட்டொன்றை எடிஸன் அதனுட் கூவினார். உருளையை மீண்டும் சுழற்றியபோது அப்பாட்டு அவர் குரலிலேயே திரும்பி வந்தது. உடனிருந்தார் திடுக்கிட்டனர், எடிஸனும் வியந்து நின்றார். டிசம்பர் 7ஆம் நாள் நியூயார்க் நகரில், ஸயன்டிபிக் அமெரிக்கன் பத்திரிகையின் அலுவலகத்தில் அக்கருவி பலர் முன்னிலையிற் பேசிற்று. 1878 பிப்ரவரி 19ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏப்ரல் திங்களில் நாட்டின் தலைவராகிய ஹேய்ஸ் தம் மாளிகையில் இரவு நெடுநேரம் அதனைக் கேட்டு மகிழ்ந்தார்.

அவ்வாண்டிலேயே, நார்த் அமெரிக்கன் ரெவ்யூ என்னும் இதழில், இக்கருவியாற் பெறலாகும் பயன்கள் பத்தினை எடிஸன் நிரல்படுத்தி எழுதினார். கடிதங்களைச் சொல்லி எழுதுவித்தல் அவற்றுள் முதலாவது. இசையைப் பதிந்து மீட்டல் நான்காவதே. பதிந்த தாளோ சிலமுறை ஒலித்த அளவிலே தேய்ந்து கிழிந்தது. மின்விளக்கு அவர் கருத்து முழுவதையும் கவர்ந்தது. ஆகவே போனோகிராப் ஏறக்குறையப் பத்தாண்டு உறங்கிற்று. இதற்கிடையில், சிச்செஸ்டர் பெல், சார்ல்ஸ் டெயின்டர் என்னும் இருவர் மெழுகிற் கீறி ஒலியைப் பதியும் முறைக்கு 1886ஆம் ஆண்டில் உரிமை பெற்றனர். எமில் பெர்லினர் என்பார் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத்திற் பதியும் கிராமபோனை உலகிற்குக் காட்டினார். தம் மகவைப் பிறர் எடுத்து வளர்க்கக் கண்ட தந்தையைப்போல எடிஸன் விழித்தெழுந்தார். வெஸ்ட் ஆரஞ்சில் 1887ஆம் ஆண்டிற் கட்டிய புதிய ஆராய்ச்சிக்கூடத்தில், துயிலையும் மறந்து உழைத்து, 1888 ஜூன் திங்களில் மெழுகுருளைக் கருவியை நிறைவேற்றினார்.

அலுவலகங்களுக்கென விற்கப்பட்ட அக்கருவியை மக்கள் பாட்டுக் கேட்கவே விரும்பினர். காசு இட்டாற் பாடும் பெட்டிகள் 1889ஆம் ஆண்டில் தோன்றின. விற்சுருளால் இயங்கும் வீட்டுப் பெட்டி 1896ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதுகாறும் இசை வேண்டுவோர் அரங்கிற்குச் செல்லல் வேண்டும். அல்லது வீட்டிலுள்ளாரே பாடவும் வாசிக்கவும் கற்றல் வேண்டும். இப்பொழுதோ உழைத்துக் களைத்த ஒருவர் தம் இல்லத்தில் அமர்ந்து, வேண்டிய பாட்டை வேண்டியபோது கேட்டல் எளிதாயிற்று. உருளையொன்று முதலில் 2 நிமிஷமே பாடும். 1908ஆம் ஆண்டில் அது 4 நிமிஷமாயிற்று. ஆயினும், அடுக்கி வைத்தற்கும் அச்சிற் பெருக்குதற்கும் எளிதாகிய தட்டையே மக்கள் நாடினர். விக்டர் கம்பெனியார் கரூஸோ போன்ற புகழ்பெற்ற பாடகர்களின் தட்டுக்களை விற்றுப் பெரும்பொருள் ஈட்டினர்.

எடிஸன் இதற்கு விடையாக 1912ஆம் ஆண்டில் வைர ஊசித் தட்டை வெளியிட்டார். ஏனைய தட்டுக்களில் ஊசி பக்கவாட்டில் அசையும். எடிஸன் தட்டிலோ மேடு பள்ளங்களின்மீது ஏறி இறங்கும். தட்டின் கனம் கால் அங்குலம். சுழற்சி நிமிஷத்திற்கு 80. பிற பெட்டிகளின் எஃகு ஊசியை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். நன்கு தீட்டிய இவ்வைரமுனையை மாற்ற வேண்டுவதில்லை. உயர்ந்த மரத்தாற் செய்த பேழைகளில் இக்கருவி அமைந்தது. 1915ஆம் ஆண்டில் வந்த சி-250 என்னும் பேழையின் விலை 250 டாலர் என்பது அதன் பெயராலேயே விளங்கும். ஒலியின் தெளிவில் அக்காலத்து வீட்டுக் கருவிகளுள் இதற்கு நிகரானவை மிகச் சிலவே என்பர்.

இத்தட்டுக்களுக்கு வேண்டிய பாட்டையும் பாடுவோரையும் தேரும் பொறுப்பை எடிஸன் தாமே மேற்கொண்டார். செவி கேளாதார் இசையை எவ்வாறு தேர்ந்தனர்? பெட்டியின் மரச்சட்டத்தைப் பல்லாற் கடித்துக்கொள்வார். ஒலியின் அதிர்ச்சி மரத்தினின்று பல்லிற்கும், பல்லினின்று தலையோட்டிற்கும், அதனின்று உட்செவிக்கும் செல்லும். பியானோவையும் அங்ஙனமே கடித்துக் கேட்பார். அவர் பற்கள் பதிந்த மரம் இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. தம் உட்செவி உலகத்து இரைச்சலால் தேயாது காக்கப்பட்டதென்றும், ஆதலின் பிறர்க்குப் புலப்படாத குற்றமும் தமக்குப் புலப்படுமென்றும் அவர் உறுதியாக நம்பினார். பாடகர் குரலில் உள்ள நடுக்கத்தை அவர் சிறிதும் பொறார். ஒவ்வொருவரையும் பற்றிய தம் தீர்ப்பைக் குறிப்பேட்டில் ஒளிவுமறைவின்றி எழுதி வைப்பார். முதுமையில் இத்துணைப் பாடு எவர் படுவர்! 1914 டிசம்பர் 9ஆம் நாள் இரவு பெருந்தீயால் தொழிற்சாலைக் கட்டடங்கள் பல அழிந்தபோதும், 67 வயதினராகிய அவர் மறுநாளே அவற்றை மீண்டும் எழுப்பும் வேலையைத் தொடங்கினார்.

1915ஆம் ஆண்டு முதல் ஊர்தோறும் ஒரு சோதனை நிகழ்ந்தது. அரங்கில் பெட்டியின் பக்கத்தில் ஆன்னா கேஸ் போன்ற பாடகியார் ஒருவர் நின்று, அதனோடு சேர்ந்து பாடுவார். திடீரென விளக்கு அணையும். பாடுவது பாடகியாரோ பெட்டியோ என்று அவையோர் இருளில் மயங்குவர். விளக்கு எரியும்போது பாடகியார் அங்கிரார். பாட்டு மட்டும் நடந்துகொண்டிருக்கும். ஆயிரக்கணக்கான முறை இது நிகழ்ந்தது. பாடகியர் தம் குரலைப் பெட்டியின் குரலளவிற்கு அடக்கிப் பாடினர் என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டது. செய்பொருளை மனிதக் குரலுக்கு நிகராக்க முயன்றவர், அம்முயற்சி முற்றுப்பெறுமுன் மனிதக் குரலையே செய்பொருளுக்கு நிகராக்க நேர்ந்தது இரங்கத்தக்கதன்றோ?

இனி, அவர் இடறிய இடங்களைக் கூறுவோம். மக்கள் கேட்க விரும்பியது கரூஸோவின் குரல். எடிஸனோ பாடுவோர் புகழுக்குப் பெரும்பொருள் கொடுத்தல் வீண் என்றார். இளைஞர் ஜாஸ் இசையை விரும்பினர். அவரோ அதனை வெறுத்தார். பியானோ வல்லுநராகிய ராக்மானினாப் 1919ஆம் ஆண்டில் எடிஸன் தட்டுக்களுக்கு வாசித்தார். மறு ஆண்டே அவர் விக்டர் கம்பெனியைச் சார்ந்தார். 1925ஆம் ஆண்டில் பிற கம்பெனியார் மின்சார முறையாற் பதியலாயினர்; எடிஸன் 1927 வரை அம்முறையை ஏற்றிலர். ஒருபுறம் 20 நிமிஷம் பாடும் நெடுந்தட்டை 1926ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார், அதுவும் நிலைபெறவில்லை. ரேடியோ வீடுதோறும் புகுந்தது. 1929 அக்டோபரில் இசைத்தட்டுத் தொழிலை எடிஸன் கம்பெனியார் அறவே நிறுத்தினர். ஆனால், சொல்லி எழுதுவிக்கும் அலுவலகக் கருவியின் வாணிகம் மட்டும் நிற்கவில்லை. 1878ஆம் ஆண்டுப் பட்டியலில் அவர் முதலில் வைத்ததே இறுதியில் எஞ்சிற்று!

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்கின், எடிஸனின் வெற்றிக்கும் தோல்விக்கும் ஊற்று ஒன்றே என்பது புலனாகும். பிறர் செவியால் ஏற்றதை அவர் விரலாலும் பல்லாலும் தேடினார். அதனாற் பிறர் காணாததைக் கண்டார். அவ்வாறு கண்டதனாலேயே தம் செவிக்குப் பட்டதே இசையின் முழு அளவு என்று துணிந்தார். ஒலியைத் துருவித்துருவி ஆராய்ந்தவர், பாடுவோரின் உயிர்ப்பையும் கேட்போரின் உள்ளத்தையும் போதிய அளவு ஆராய்ந்திலர். குறையைக் கண்டு மனந்தளராது உழைத்தது அவர் பெருமை; அக்குறையையே நிறைவென்று கொண்டது அவர் இடறல். ஆயினும் தாமே நுகரமாட்டாத இன்பத்தைப் பிறர் குற்றமறத் துய்க்கவேண்டுமென ஒருவர் தம் முதுமை முழுவதும் பல்லைத் தேய்த்தார் என்னும்போது, அவ்விடறலும் நம் நெஞ்சை உருக்குகின்றது.

1931 அக்டோபர் 18ஆம் நாள், தம் 84ஆம் வயதில், எடிஸன் வெஸ்ட் ஆரஞ்சில் காலமானார். அவர் முதற்கருவியின் புகழ் அத்துடன் அடங்கவில்லை. 1878 ஜூன் திங்களில் செயின்ட் லூயிஸ் நகரில் வெள்ளீயத் தாளொன்றிற் பதிந்த ஒலியை, ஊசி தொடாமலே, ஒளியாற் சுவடுகளை அளந்து 2012ஆம் ஆண்டில் அறிஞர் மீட்டனர். நைந்து மடிந்து கிடந்த அத்தாளினின்று எழுந்தவற்றுள் கார்னெட் என்னும் ஊதுகருவியின் சிற்றிசையும் ஒன்று. இசையை நான்காம் இடத்தில் வைத்த அவ்வாண்டிலேயே, அவர் தாள் இசையைத் தன்னுள் ஏந்திக் காத்திருந்தது!

அன்பர்களே, நமக்கு அளிக்கப்பட்ட தாலந்து ஐந்தோ, இரண்டோ, ஒன்றோ, நாம் அறியோம். ஒன்றே பெற்றாரும் அதனை மண்ணிற் புதைத்தல் தகாது என்பதற்கு எடிஸன் சான்றாவார். பெற்ற ஒன்றைக்கொண்டு பிறர் பெற்றவற்றையெல்லாம் அளந்துவிடுதலும் தகாது என்பதற்கும் அவரே சான்றாவார். முன்னதில் அவரைப் பின்பற்றியும், பின்னதில் அவரைக் கண்டு விழிப்புற்றும் ஒழுகுவோமாக.