கல் பங்களா கண்ட சல்லிவன்

சேலம், நாமக்கல் சமவெளியின் மேற்கெல்லையாக ஓடுவது காவிரி. முன்னாளில் அவ்வாற்றைக் கடந்தால் கோயமுத்தூர் மாவட்டம் தொடங்கும். அம்மாவட்டத்தின் வடமேற்கே முகில் தவழ ஓங்கி நிற்பது நீலமலை. அம்மலையை வெளியுலகம் அறியச் செய்தவருள் முதன்மையானவர் ஜான் சல்லிவன் என்னும் ஆங்கிலேயர்.

சல்லிவன் 1788-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியேற்றுச் சென்னைக்கு வந்த அவர், பின்னர்க் கோயமுத்தூர்க் கலெக்டராக உயர்ந்தார். 1819-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சிறுமுகையிலிருந்து மலையேறத் தொடங்கினார். செங்குத்தான பாறைகளும் அடர்ந்த காடும் வழிமறித்தன. அவர் உள்ளந் தளராது ஏறிக் கோத்தகிரிப் பகுதியை அடைந்தார். அங்குள்ள கன்னேரிமுக்கில் ஓர் இல்லம் அமைத்தார்.

பின்னர் உதகைப் பள்ளத்தாக்கின் அழகு அவரைக் கவர்ந்தது. புல்வெளியும் சோலையும் சூழ்ந்த அத்தனியிடத்தில், எருமை மேய்த்து வாழ்ந்தவர் தோடர். அவர்களிடம் விலைகொடுத்து நிலம் பெற்று, 1822-ஆம் ஆண்டில் கல்லால் ஒரு மனை எடுக்கத் தொடங்கினார். உதகையில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு அதுவே. மக்கள் அதனைக் கல் பங்களா என வழங்கினர். ஓடைகளைத் தேக்கி ஏரி அமைத்தவரும், உருளைக்கிழங்கு முதலியவற்றைப் பயிரிடுவித்தவரும் அவரே.

குடியேறுவோர் பெருகப் பெருகத் தோடரின் மேய்ச்சல் நிலம் சுருங்கலாயிற்று. மலைநிலம் தோடருக்கே உரியது. விலைகொடாது அதனைக் கொள்ளுதல் முறையன்று என்று சல்லிவன் வாதாடினார். மேலிடத்தார் அதனை முழுதும் ஏற்றாரல்லர். சல்லிவனும் குறையற்றவர் அல்லர்; பிற ஐரோப்பியரினும் மிகுதியாக நிலம் சேர்த்தவர் அவர். ஆயினும், எளியோர் உரிமையை அதிகாரத்தின் முன் எடுத்துரைத்த துணிவு அவரிடம் இருந்தது.

1838-ஆம் ஆண்டில் அவர்தம் மனைவியாரும் மகளும் அடுத்தடுத்து உயிர்நீத்தனர். உதகைத் தூய ஸ்தேவான் ஆலயத்தில் அவர்களை அடக்கம் செய்த சல்லிவன், சில ஆண்டுகளில் தாயகம் திரும்பினார். இந்தியரை உயர்பதவிகளில் அமர்த்த வேண்டும் என்று அங்கும் வற்புறுத்தினார். 1855-ஆம் ஆண்டு மறைந்தார்.

அவர் எழுப்பிய மனை இன்று அரசு கலைக் கல்லூரியின் பகுதியாக விளங்குகின்றது. ஒருவர் குடியேறிய இடத்தில் இன்று பலர் கற்கின்றனர். கல்லால் அமைந்த வீடு காலத்தை வென்று நிற்கலாம். ஆனால், அது நிற்கும் நிலம் முன்பு எவருடையது என்பதை மறவாதிருத்தலே அறமாகும்.