மூன்றாம் இடத்துப் பாடகர்

மே மாதம் வந்துவிட்டால் ஐரோப்பிய நாடுகளில் ஒரு வினா எங்கும் எழும். யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் இவ்வாண்டு வெல்லும் நாடு யாது என்பதே அது. 1956இல் சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் தொடங்கிய இப்போட்டியைத் தொலைக்காட்சி பல நாடுகளுக்கும் கொண்டுசெல்கின்றது. பந்தயம் பிடிப்போர் ஒவ்வொரு பாட்டின் வெற்றி வாய்ப்பையும் முன்கூட்டியே கணக்கிட்டு வெளியிடுவர். அக்கணக்கைக் கைத்தொலைபேசியிற் கண்ட மாணவர் சிலர் என் அபிப்பிராயத்தை வினவினர். யான் மேனாட்டிசை கற்றவனல்லேன். எனினும் பாடசாலை இசைப் போட்டிகளுக்குப் பல்லாண்டு நடுவனாக இருந்து, புள்ளியிடுதலின் இடரை அறிந்தவன். ஆதலின் விடையாக ஒரு பாடகரின் சரிதத்தைச் சொன்னேன். அதனையே ஈண்டு எழுதுகின்றேன்.

அவர் பெயர் டொமெனிக்கோ மொடூன்யோ. தென்னித்தாலியில், கடலோரப் பாறைமேல் அமைந்த பொலிஞ்ஞானோ அ மாரே என்னும் ஊரில் 1928 ஜனவரி 9ஆம் திகதி பிறந்தார். தந்தையார் நகரசபைக் காவலர். குடும்பம் பின்னர் பிரிண்டிசி நகருக்கு அண்மையிலுள்ள வேறோர் ஊரிற் குடியேறிற்று. அங்கு வழங்கிய பேச்சுமொழி சிசிலித் தீவின் மொழியை ஒத்தது. நடிகராகும் வேட்கையுடன் உரோமாபுரி சென்று திரைப்படக் கல்லூரியிற் பயின்ற மொடூன்யோ, அம்மொழியிலேயே பாட்டுக்கள் கட்டினார். அவற்றுள் ஒன்று வாள்மீன் இணையைப் பற்றியது. பெண்மீன் ஈட்டிக்கு இரையாக, ஆண்மீன் தப்பியோட மறுத்துத் தானும் உடன் மாய்கின்றது. அன்றிற் பறவையை அறிந்த நமக்கு இப்பொருள் புதிதன்று. கேட்டோர் அவரைச் சிசிலியர் என்றே கருதினர், அவரும் மறுத்திலர். பிறந்த ஊரவர்க்கு இது நெடுங்காலம் மனத்தாங்கலாயிற்று.

1958இல் சன்ரெமோ இசைவிழாவிலே, மிளியாச்சி என்னும் கவிஞருடன் சேர்ந்து ஆக்கிய பாட்டொன்றைப் பாடினார். முகத்தையும் கைகளையும் நீலவண்ணந் தீட்டி வானிற் பறப்பதாகக் காணுங் கனவே அதன் பொருள். உலகம் அதனை வொலாரே, அஃதாவது பறத்தல், என்னும் பெயரால் அறியும். அடக்கமாக நின்று பாடும் வழக்கம் வேரூன்றியிருந்த அரங்கில், அவர் இரு கைகளையும் சிறகெனப் பரப்பி நின்றார். முதற்பரிசு அவருக்கே கிடைத்தது.

அவ்வாண்டு மார்ச் 12ஆம் திகதி ஒல்லாந்தின் ஹில்வர்சம் நகரில் யூரோவிஷன் போட்டி நடைபெற்றது. பத்து நாடுகள் பங்குபற்றின. முதலிற் பாடியவர் மொடூன்யோ. ஒளிபரப்புப் பழுதினால் சில நாட்டார் அதனைக் காணவில்லை. ஆகவே இறுதியில் மீண்டும் பாடினார். நாட்டுக்குப் பத்து நடுவர். ஒவ்வொருவர்க்கும் ஒரு வாக்கு. பிரான்சின் அந்திரே கிளவோ 27 வாக்குப் பெற்று வென்றார். சுவிற்சர்லாந்துக்கு 24. மொடூன்யோவுக்கு 13, மூன்றாம் இடம்.

நடந்தது என்ன? சில மாதங்களில் அப்பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. 1959இல் முதன்முதலாக வழங்கப்பெற்ற கிராமி விருதுகளில், சிறந்த இசைத்தட்டு, சிறந்த பாட்டு என்னும் இரண்டும் அதற்கே உரியவாயின. 2005இல் யூரோவிஷனின் ஐம்பதாண்டு நிறைவு விழாவில், அரைநூற்றாண்டுப் பாட்டுக்களுள் இரண்டாவதாகத் தெரிவுசெய்யப்பட்டதும் அதுவே.

அவர் மேலும் இருமுறை அப்போட்டிக்குச் சென்றார். 1959இல் ஆறாம் இடம். 1966இல் ஒரு புள்ளியுமில்லை. சன்ரெமோவில் நான்குமுறை வென்றவர்க்கு நேர்ந்தது இது!

1984இல் பாரிசவாதம் அவரை வீழ்த்தியது. பாடுங் குரல் தளர்ந்தது. ஆயினும் 1987இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகி, வலுவிழந்தோர்க்காகப் பேசினார். சிசிலியின் அக்ரிஜென்டோ மனநோய் மருத்துவமனையில் நோயாளர் பட்ட இழிநிலையை நாடறியச் செய்தார். 1993இல் பிறந்த ஊருக்குச் சென்று பாடினார். பழைய மனத்தாங்கல் தீர்ந்தது. 1994 ஒகஸ்ட் 6ஆம் திகதி லம்பெதூசாத் தீவிற் காலமானார். இன்று அவ்வூரிலே, கடலைப் புறங்கொண்டு கைவிரித்து நிற்கின்றது அவர்தம் வெண்கலச் சிலை.

இதனைக் கூறி முடித்தபோது எனக்கே ஒரு நினைவு வந்தது. முன்னர் ஒரு போட்டியில் மாணவன் ஒருவன் கைகளை வீசி, உடல் அசையப் பாடினான். அடக்கம் போதாதென்று புள்ளி குறைத்தேன். அன்று முதற்பரிசு பெற்ற பாட்டு யாதென இப்பொழுது நினைவில்லை. அவன் பாட்டு மாத்திரம் செவியில் நிற்கின்றது. வெல்வார் யாரென்று கணிப்பவர், நடுவரின் அன்றைய மனத்தையே கணிக்கின்றனர். அம்மனம் பிழைபடலாம் என்பதற்கு யானே சான்று. அடுத்த முறை புள்ளித்தாளை எடுக்கும்போது, ஹில்வர்சம் நகரின் 13 வாக்குகளை நினைத்துக்கொள்வேன்.