பயந்தால் வாய் உலர்வது ஏன்? விளக்கிச் சொன்ன டாக்டர் கேனன்

சேலம், நாமக்கல் பக்கத்தில் இரவு நேரம் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

வரப்பில் ஏதோ நெளிவது போலத் தெரியும். நெஞ்சு படபடக்கும். மூச்சு இரைக்கும். உடம்பு வியர்க்கும். வாய் உலரும். ஒரே தாவில் ஆள் நான்கடி தள்ளிப் போய் நிற்பார். விளக்கைக் காட்டிப் பார்த்தால், அது பழைய கயிறு!

கயிற்றைக் கண்டு பயந்தோமே என்று வெட்கப்பட வேண்டாம். உடம்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது என்ன வேலை என்பதை உலகுக்கு விளக்கியவர், வால்டர் கேனன் என்ற அமெரிக்க டாக்டர்.

படிப்பை விட்ட சிறுவன்

கேனன் 1871-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி, விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். 14 வயதில் அவருடைய படிப்பு நின்றது. தந்தை அவரை ரெயில்வே ஆபீசு வேலையில் சேர்த்து விட்டார்.

2 ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் பள்ளிக்கூடம் போனார். விட்ட பாடங்களை எல்லாம் விடாமுயற்சியுடன் படித்தார். உதவித் தொகை பெற்று, 1892-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1900-ல் டாக்டர் ஆனார். 1906 முதல் 1942 வரை அங்கேயே பேராசிரியராக இருந்தார்.

பூனையின் வயிறு

எக்ஸ்ரே கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். அடுத்த ஆண்டே, மாணவரான கேனன் அந்தக் கதிரைக் கொண்டு பிராணிகளின் வயிற்றுக்குள் பார்க்கத் தொடங்கினார்.

பூனை ஒன்று சாப்பிட்டிருந்தது. அதன் இரைப்பை அலை அலையாக அசைந்து உணவை அரைத்துக் கொண்டிருந்தது. பூனைக்குக் கோபமோ கலக்கமோ வந்ததும் அந்த அசைவு நின்றுவிட்டது! பூனையைத் தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தினார். மீண்டும் இரைப்பை அசைந்தது.

இது ஏன் என்று அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1911-ல், நாய் குரைப்பதைக் கண்டு மிரண்ட பூனையின் இரத்தத்தைச் சோதித்தார். அதில் அட்ரினலின் என்ற சாறு கலந்திருப்பது தெரிந்தது. நம் சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் வைத்தது போல இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. அந்தச் சாறு அங்கிருந்துதான் வருகிறது.

சண்டையா, ஓட்டமா?

ஆபத்து என்று மூளை நினைத்ததும் நரம்புகள் வழியே செய்தி பறக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. கை, கால் தசைகளுக்கு இரத்தம் அதிகமாகப் பாய்கிறது. ஈரல், சேர்த்து வைத்த சர்க்கரையை வெளியே விடுகிறது. செரிமானம் அவசர வேலை அல்லவே! அதனால் வயிறு ஓய்கிறது, எச்சில் குறைகிறது.

எதிர்த்து நில், அல்லது ஓடித் தப்பு. இரண்டுக்கும் உடம்பு தயாராகி விடுகிறது. சிலர் அசையாமல் உறைந்து நிற்பதும் இதைச் சேர்ந்ததே என்று இன்று அறிந்திருக்கிறோம்.

1913-ல் ஹார்வர்டு கால்பந்து வீரர்கள் 25 பேரைப் பெரிய ஆட்டம் முடிந்ததும் சோதித்தார்கள். 12 பேர் சிறுநீரில் சர்க்கரை இருந்தது. அந்த 12 பேரில் 5 பேர் களத்தில் இறங்கவே இல்லை! வெளியே உட்கார்ந்து தவித்தவர்கள். தவிப்பு மட்டுமே போதுமானதாக இருந்தது.

அரிசி சொன்ன தீர்ப்பு

பழங்காலத்தில் இந்தியாவில் இருந்த ஒரு வழக்கத்தையும் கேனன் தம் நூலில் எழுதியிருக்கிறார்.

திருட்டுப் போனால், சந்தேகப்பட்டவர்களுக்கு அரிசி கொடுத்து மெல்லச் சொல்வார்கள். பிறகு அரச இலையில் துப்பச் சொல்வார்கள். யாருடைய அரிசி உலர்ந்திருக்கிறதோ, அவரே குற்றவாளி என்பார்கள்.

பயத்தில் எச்சில் வற்றுவது உண்மைதான். ஆனால் குற்றம் செய்யாதவனும் பயப்படுவானே! பழி வந்து விடுமோ என்று நடுங்கினால் அவன் வாயும் உலரும். அரிசி காட்டியது பயத்தை, குற்றத்தை அல்ல.

தினம் தினம் பயமா?

சேலம் சாலையில் திடீரென்று மாடு குறுக்கே வந்தால், லாரி டிரைவரின் காலைப் பிரேக்கில் வைப்பது இந்தத் துடிப்பே. அது நல்லது. ஆனால் கடன் கவலையையும் பரீட்சைப் பயத்தையும் எதிர்த்து ஓட முடியுமா? நாள் முழுதும் உடம்பு தயாராகவே நின்றால் தூக்கம் கெடும். இரத்த அழுத்தம் ஏறும்.

படபடப்பு வந்தால் மெதுவாக மூச்சு விடுங்கள். சிறிது தூரம் நடந்து வாருங்கள்.

கேனன் இளமையில் காப்பு ஏதும் இல்லாமல் எக்ஸ்ரே கதிரோடு வேலை செய்தவர். அதன் தீங்கு அப்போது தெரியாது. பிற்காலத்தில் தோல் நோய் அவரை வாட்டியது. 1945 அக்டோபர் 1-ந் தேதி, 73 வயதில் காலமானார்.

அவர் கண்டு சொன்னதை நம் வீட்டிலும் கடைப்பிடிக்கலாம். சோறு உண்ணும் நேரத்தில் பிள்ளையைத் திட்டாதீர்கள். கேள்வி கேட்டதும் நடுங்குகிறது என்பதற்காக, தப்புச் செய்தது அதுதான் என்று முடிவு கட்டாதீர்கள்.