மலையுச்சியில் பேசிய குருவானவர்

கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாய்த் தெரியும். படகு ஆழக்கடலுக்குப் போகப்போக, முதலில் கரையிலுள்ள குடிசைகள் மறையும். பிறகு வீடுகள் மறையும். கடைசியில் பனைமரத் தலைகள் மாத்திரம் தெரியும். பூமி உருண்டையானபடியால், உயரத்திலிருப்பதே தூரத்துக்குத் தெரிகிறது. மிகக் குறுகிய ரேடியோ அலைகளும் ஏறக்குறைய வெளிச்சத்தைப் போலவே நேராய்ச் செல்லுகின்றன. ஆகையால்தான் அமெச்சூர் ரேடியோ அன்பர்கள் விடுமுறை நாட்களில் கூடாரமும் பாட்டரியும் கம்பிச் சுருளுமாக மலையேறி, அங்கே தங்கி, தூரத்திலுள்ளவர்களோடு பேசி மகிழ்கிறார்கள். பிரேஜில் தேசத்து ரேடியோ அன்பர்கள் தங்கள் பாதுகாவலராக மதிப்பது ஒரு கத்தோலிக்கக் குருவானவரை. அவரே சங்கைக்குரிய ரொபெர்த்தோ லாண்டெல் தெ மௌரா சுவாமி.

அவர் 1861-ம் ஆண்டு ஜனவரி மாதம் 21-ந் தேதி, பிரேஜிலின் தெற்கே போர்த்தோ அலெக்ரே பட்டணத்தில் பிறந்தார். குருத்துவப் படிப்புக்காக உரோமாபுரி சென்று, சேசு சபையார் நடத்தும் கிரகோரியன் சர்வகலாசாலையில் வேதசாஸ்திரத்தோடு பௌதிகமும் இரசாயனமும் கற்றார். 1886-ல் குருப்பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பினார். பூசை, பிரசங்கம், நோயாளிகளைச் சந்தித்தல் ஆகிய விசாரணை அலுவல்களுக்கிடையே கிடைத்த நேரமெல்லாம் அவருடைய கருவிகளுக்கே போயிற்று.

அக்காலத்தில் மார்க்கோனி கம்பியில்லாமல் புள்ளியும் கோடுமான தந்திக் குறிகளை அனுப்பிப் புகழ் பெற்றிருந்தார். லாண்டெல் சுவாமி நாடியதோ மனிதனுடைய குரலையே அனுப்புவது. 1900-ம் ஆண்டு ஜூன் மாதம் 3-ந் தேதி, சாவோ பவுலோ நகரத்து சந்தானா மேட்டிலிருந்து, எதிரே உயர்ந்த பவுலிஸ்தா வீதிவரை, சுமார் 8 கிலோமீட்டர் தூரம் கம்பியில்லாமல் பேசிக்காட்டினார். பிரிட்டிஷ் பிரதிநிதி ஒருவரும் பார்த்திருந்ததாக ஒரு வாரத்துக்குப்பின் பத்திரிகைச் செய்தி வெளிவந்தது. அமெரிக்காவில் பெஸ்ஸெண்டன் என்பவர் 1.6 கிலோமீட்டர் தூரத்துக்குக் குரலை அனுப்பியது அதே வருஷம் டிசம்பரில்தான் என்பதை நினைத்தால் அதன் அருமை விளங்கும்.

ஆயினும் சுவாமிக்குக் கிடைத்தது பாராட்டல்ல. கண்ணுக்குத் தெரியாத ஆளோடு பேசுகிறவர் பசாசோடுதான் பேசுகிறார் என்று வதந்தி கிளம்பிற்று. ஜனங்கள் அவருடைய பரிசோதனைச் சாலைக்குள் புகுந்து கருவிகளை உடைத்துப்போட்டார்களென்று அவருடைய சரித்திரத்தை எழுதியோர் கூறுகிறார்கள். உடைத்தவர்கள் அந்நியரல்ல, ஞாயிறுதோறும் அவருடைய பூசை கண்டவர்களே.

சுவாமி மனம் தளரவில்லை. 1901-ல் பிரேஜில் அரசாங்கத்தின் உரிமைப் பத்திரம் பெற்றார். பின்பு அமெரிக்கா சென்று, மிகுந்த சிரமத்தோடு காத்திருந்து, 1904-ம் ஆண்டில் மூன்று உரிமைப் பத்திரங்கள் பெற்றார். ஒன்று அலைபரப்பும் கருவிக்கு; ஒன்று கம்பியில்லாத் தொலைபேசிக்கு; மற்றொன்று கம்பியில்லாத் தந்திக்கு. நாடு திரும்பியபின், கடலில் சோதித்துக்காட்ட இரண்டு கப்பல்கள் தரவேண்டுமென்று அரசாங்கத்தை வேண்டினார் என்றும், பித்துப்பிடித்தவரென எண்ணி அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்றும் சொல்லுவார்கள். அவர் கண்டுபிடித்ததைத் தொழிலாக்க எவரும் முன்வரவில்லை. அவர் தம் விசாரணை வேலையைத் தொடர்ந்து செய்து, 1928-ம் ஆண்டு ஜூன் மாதம் 30-ந் தேதி, பிறந்த பட்டணத்திலேயே 67-ம் வயதில் மரித்தார். 2012-ல்தான் பிரேஜில் தன் தேசவீரர்களின் புத்தகத்தில் அவர் பெயரைச் சேர்த்தது.

அவருடைய கருவிகளை உடைத்தவர்கள் கெட்டவர்களென்று சொல்லிவிடுவது எளிது. அவர்கள் பயந்தவர்கள், விளங்காததைப் பாவமென்று எண்ணியவர்கள். அந்தப் பயம் எந்த விசாரணையிலும் தலைகாட்டலாம்.

நம் மரக்காணம் கரையில் உப்புப் பாத்திகளும் கழிவெளியும் கடலும் உண்டே தவிர மலையில்லை. ஆனாலும் மத்திய அரசாங்கப் பரீட்சையில் தேறி உரிமம் பெற்றால், நம் பிள்ளைகளும் அமெச்சூர் ரேடியோவில் பேசலாம். புயலடித்துத் தொலைபேசி துண்டித்துப்போகும் வேளையில் இப்படிப்பட்டவர்களின் குரல் உயிர்களைக் காத்ததுண்டு. ஆகையால் பெற்றோர்களே, வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ கம்பியும் பாட்டரியும் வைத்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தால், அதட்டி விரட்டுமுன் அது என்னவென்று கேளுங்கள். அன்று அப்படிக் கேட்க ஒருவர் இருந்திருந்தால், லாண்டெல் சுவாமியின் கருவிகள் உடைபடாமல் தப்பியிருக்கும்.