நிலைத்த பொருளாதாரம் கண்ட குமரப்பா

நம் பரங்கிப்பேட்டையில் 1830-ஆம் ஆண்டளவில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்துத் தாதுவை உருக்க விறகுக்கரியே எரிபொருள். மரம் வளரும் வேகத்தை உலையின் பசி விஞ்சியது, கரி அரிதாயிற்று. ஆலை நலிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்நூற்றாண்டிலேயே ஆலை மூடப்பட்டது. இயற்கையின் வரவறிந்து செலவிட வேண்டும் என்னும் இப்பாடத்தை நாட்டுக்கே பொருளியலாக வகுத்துத் தந்த பெருந்தகை ஜே. சி. குமரப்பா.

1892 ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சையில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றுப் பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றார். இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் நிதிமுறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தபோது அவர் உள்ளம் மாறியது. 1929-இல் தாயகம் திரும்பிக் காந்தியடிகளைக் கண்டார். மேனாட்டு உடை நீங்கிக் கதர் ஏறியது.

1934-இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளரானார். வார்தாவின் மகன்வாடியே அவரது ஆய்வுக்கூடம். வைக்கோல், புல், கந்தல் முதலியவை அங்கே காகிதமாயின. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' உருவாயிற்று. பனை, ஈச்ச மரங்களின் சாறு வெல்லமாயிற்று. கிராமத்துச் செக்கில் எண்ணெய் ஆட்டினால் பிண்ணாக்கு அவ்வூர் மாட்டுக்கும் மண்ணுக்கும் எஞ்சும் என்று அவர் வற்புறுத்தினார்.

நிலக்கரி, மண்ணெண்ணெய் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் சேமிப்பு. பயிரும் மரமும் ஆண்டுதோறும் வரும் வருமானம். வருமானத்தில் வாழ்பவனே நிலைப்பான். சிறைவாசத்தில் எழுதி 1945-இல் வெளிவந்த நூலில் அவர் விளக்கிய கருத்து இதுவே. 1960 ஜனவரி 30-இல், காந்தியடிகளின் நினைவு நாளில், மதுரையில் மறைந்தார்.

1979-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்து வருகிறது. நெல்லிக்குப்பத்துக் கரும்பும், பண்ணுருட்டிப் பகுதியின் நிலக்கடலையும், சிதம்பரத்து நெல்வயல்களும் சூழ்ந்த நமக்குச் சக்கையும் தொலியும் வைக்கோலும் புதியனவல்ல. ஆனால் வயற்கழிவு முழுவதையும் வாரிச் செல்வதும் ஹீத்தின் உலைக்கு விறகு வெட்டியது போன்றதே. மண்ணின் பங்கு எவ்வளவு, மாட்டின் பங்கு எவ்வளவு, ஆலையின் பங்கு எவ்வளவு? இக்கணக்கைப் போடுவதே மாணவர்களாகிய நாம் குமரப்பாவுக்குச் செலுத்தும் அஞ்சலி.