கிணற்றடியில் விளைந்த தொழில்: ஜி.டி. நாயுடு

சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில், 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தார். பின்னாளில் ஜி.டி. நாயுடு என்று தமிழகம் முழுதும் அறிந்த பெயர் அது. அவர் பிறந்த மண் மழை குறைந்த மண். கரிசலில் பருத்தி விளைந்தது. ஆழக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்தனர். அவர் பிறப்பதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1888இல், ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை நிறுவியிருந்தார். பருத்தி, கிணறு, ஆலை என்னும் இம்மூன்றுமே நாயுடுவின் வாழ்வுக்கும் அவருடைய ஊரின் வாழ்வுக்கும் வித்தாயின.

பள்ளிப் படிப்பு அவருக்குப் பொருந்தவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்ட நாள்முதல் அவர் உள்ளம் எந்திரத்தின்பால் சென்றது. கோவைக்கு வந்து உணவு விடுதியில் பரிமாறும் பணி செய்தார். கூலியைச் சேமித்து அத்தகைய வண்டி ஒன்றை வாங்கினார். வாங்கியதைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டிப் பார்த்தார். கழற்றிப் பூட்டிய அந்த வேலையே அவர் பயின்ற கல்லூரி.

பருத்தி வணிகமும் அவரை விடவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் ஈட்டிய பொருளைப் பம்பாய்ச் சந்தையில் இழந்தார். வெறுங்கையோடு திரும்பியவருக்கு ஸ்டேன்ஸ் கடன் கொடுத்து உதவினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டத் தொடங்கினார். யு.எம்.எஸ். என்னும் அந்நிறுவனம் 1933இல் 280 வண்டிகளாகப் பெருகியிருந்தது.

இத்தனை வண்டிகளும் ஓட வேண்டுமெனில் பழுது பார்க்கும் பட்டறை வேண்டும். தேய்ந்த உறுப்பைக் கடல் கடந்து வரவழைத்துக் காத்திருத்தல் இயலாது. இங்கேயே கடைந்தும் வார்த்தும் ஆக வேண்டும். ஆகவே பேருந்து நிறுவனத்தின் நிழலில் உலோகம் அறிந்த கைகள் வளர்ந்தன. நூற்பாலைகளின் பட்டறைகளிலும் இதுவே நிகழ்ந்தது. பீளமேட்டில் 1926இல் தோன்றிய பி.எஸ்.ஜி. அறநிலையமும் தொழிற்பயிற்சிக்கு இடமளித்தது. 1932இல் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் கோவை வந்தடைந்தபோது, அதனைப் பயன்கொள்ளும் கைகள் முன்னரே ஆயத்தமாயிருந்தன.

மின்சாரம் வந்தது, கிணறு இருந்தது, இரண்டையும் இணைக்கும் கருவி மட்டும் அயல்நாட்டிலிருந்து வந்து கொண்டிருந்தது. 1937இல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் பீளமேட்டில் மின்மோட்டாரை உருவாக்கினர். இந்தியாவில் செய்யப்பெற்ற முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்து ஆலை எந்திரங்களைச் செய்தார். 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தோன்றியது. நூலை நூற்ற ஊர், நூற்கும் எந்திரத்தையே நூற்பாலைகளுக்குச் செய்து கொடுக்கும் ஊராயிற்று. வார்ப்படச் சாலைகளும் பம்பு செய்யும் பட்டறைகளும் தெருத்தோறும் பெருகின.

நாயுடு அத்துடன் அமையவில்லை. மின்கலத்தால் இயங்கும் சவரக்கத்தி, மலிவு விலை வானொலிப் பெட்டி என அவருடைய கற்பனை பல திசைகளில் பாய்ந்தது. சவரக்கத்தி ஐரோப்பாவில் பெயர் பெற்றது. எனினும் இவை கோவையில் தொழிலாக வேரூன்றவில்லை. வரிச்சுமையின் மீதும் அரசின் கட்டுப்பாடுகள் மீதும் அவர் கொண்ட சினம் பெரிது. தாம் ஆக்கிய கருவிகளை மக்கள் முன்னிலையில் தாமே உடைத்தெறிந்து அதனை வெளிப்படுத்தினார். அச்சினத்தில் நியாயம் உண்டு. ஆயினும் மற்றொரு காரணமும் உண்டு. மோட்டாருக்குப் பக்கத்திலேயே கிணறும் உழவரும் வார்ப்புத் தொழிலாளரும் இருந்தனர். சவரக்கத்திக்கு அத்தகைய அண்டை வீட்டார் எவரும் இலர். மேதை ஒருவரின் அறிவில் பிறந்தவற்றுள், ஊரின் கைகள் முன்பே பழகியிருந்தது நின்றது. பழகாதது அவரோடு தனித்துப் போயிற்று.

இதனை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் கல்விப் பணியே சான்று. 1945இல் அவர் முயற்சியால் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி எழுந்தது. நீண்ட படிப்பைச் சுருக்கிச் செய்முறையைப் பெருக்க வேண்டுமென்று அவர் வலியுறுத்தினார். அரசு இசையவில்லை, அவர் விலகினார். கல்லூரி பின்னர் இடம் பெயர்ந்து அரசு தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. பீளமேட்டில் கல்லூரி இருந்த இடத்திற்கு ஹோப் காலேஜ் என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1974 ஜனவரி 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். கோவையில் செய்த மோட்டார்கள் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துக் கிணறுகளிலும் நீர் இறைத்தன. கவலைக்கு ஓய்வு கிடைத்தது. மணிலாவும் நெல்லும் கரும்பும் நனைந்தன. திண்டிவனத்திற்கும் தனக்கென ஓர் அறிவுச் செல்வம் உண்டு. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான மணிலா, எள் வகைகள் டி.எம்.வி. என்று ஊரின் பெயரைத் தாங்கி நாடெங்கும் விளைந்தன. விதை இங்கிருந்து சென்றது. செக்கும் எண்ணெய் ஆலையும் இங்கேயே இருந்தன. ஆலையின் எந்திரத்தைப் பழுது பார்க்கும் கையினின்று அவ்வெந்திரத்தைச் செய்யும் கை தோன்றுவது எவ்வாறு என்பதைக் கலங்கல் உழவர் மகனின் வாழ்வு காட்டிச் சென்றுள்ளது. ஊருக்குப் புதிய தொழிலைத் தேடுவோர் முதலில் நோக்க வேண்டிய இடம், அவ்வூரின் பழைய பட்டறையே.